வால்முடியில ஒரு தாயத்து

பாலமேடு பக்கத்துல எங்க சித்தப்பா வீட்டு சாமி மாடத்துல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், உள்ள ஒரு சாண் நீளத்துக்கு கருகருன்னு சுருண்டு கெடக்குற முடிக்கொத்து, அடியில செவப்பு நூல் சுத்தி முடிச்சு போட்டது. அது அவரு வளத்த காரிக் காளையோட வால்முடி. 2014ல சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்கு தடை போட்டு 2015, 2016 ரெண்டு பொங்கலும் மாட்ட அவுத்து விடுற வாடிவாசல் தெறக்காம கெடந்தப்ப ஊருல பல பேரு தீனி போட முடியாம மாட்ட வித்தாங்க, சித்தப்பா மட்டும் விக்க மாட்டேன்னு தொழுவத்துலயே வச்சிருந்தாரு, 2017ல திரும்ப வாடி தெறந்தப்ப அந்த மாடும் போயிட்டு வந்துச்சு. பிறகு வயசாகி ஒரு நாள் வெள்ளன படுத்த எடத்துலயே கண்ண மூடிருச்சு. மாலை போட்டு, வேட்டி போத்தி, கொட்டு வச்சு எடுத்துட்டுப் போயி தோட்டத்து வேப்பமரத்தடியில பொதைச்சாக. குழியில எறக்குறதுக்கு முன்னாடி சித்தப்பா வால்ல ஒரு கொத்த வெட்டி மடியில சொருகிக்கிட்டாரு. நாலு வருசம் கழிச்சு அந்த பாட்டில என் கையில குடுத்து, "நீதான் நாய் முடிய வச்சு டாலர் எல்லாம் செய்யுறியாமேத்தா, இத கழுத்துல போட்டுக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமா"ன்னு கேட்டாரு.

நான் செல்லூர்ல வீட்டு மாடியில ஒரு சின்ன ரூம்ல இந்த வேலைய செய்யுறேன். பெரும்பாலும் நாய், பூனை. செத்துப்போன செல்லத்தோட முடியில கொஞ்சம் எடுத்து ஊத்துனா இறுகி கண்ணாடி மாதிரி ஆகுற ரெசின்ங்குற பிசின்ல பதிச்சு டாலர், மோதிரம், கீ செயின்னு செஞ்சு குடுக்குறது. ஆனா அந்த காளை முடிய கையில வாங்குனப்பவே தெரிஞ்சு போச்சு, நான் கத்து வச்சிருக்குற வேலை இதுக்கு தோதுப்படாதுன்னு. அதுக்கப்புறம் தேடிப் படிச்சது, கெடுத்துக் கத்துக்கிட்டது, நகை செய்யுற பத்தர்கிட்டயும் கயிறு திரிக்கிறவர்கிட்டயும் கேட்டு தெரிஞ்சுக்கிட்டது எல்லாத்தையும்தான் இங்க எழுதுறேன். என் கட்சி இதுதான், நம்ம ஊரு வெயிலுக்கும் வேர்வைக்கும் ரெசின விட தாயத்துதான் சரியான பாத்திரம், அதுக்குள்ள போற முடிய மாடோ நாயோ உசுரோட இருக்கும்போதே எடுத்து வச்சிரணும்.

மொதல்ல ஏன் முடி? ஒரு உசுரு போனா மிச்சம் எல்லாத்தையும் மண்ணு தின்னுரும், முடி மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். தோலுக்கு வெளிய நீட்டிட்டு இருக்குற முடி ஏற்கனவே உசுரில்லாததுதான், ரத்தம் கெடையாது, நரம்பு கெடையாது, முக்காவாசிக்கு மேல கெரட்டின்ங்குற புரதம். கொம்போட மேல்கூடு, குளம்பு, நகம், எறகு எல்லாம் இதே சாதிதான். அந்த புரத இழைகள கந்தகம் குறுக்க குறுக்க கட்டிப் போட்டு வச்சிருக்கு, முடி கருகுனா ஒரு நாத்தம் வருதே, அதுல அந்த கந்தகத்துக்கு பங்கு உண்டு. இந்தக் கட்டு அம்புட்டு லேசுல அவிழாது. எகிப்து மம்மிகள்ல 3000 வருசம் தாண்டியும் தலைமுடி அப்படியே நிக்கிதுன்னா காஞ்ச மண்ணு ஒரு காரணம், இந்த கந்தகக் கட்டு இன்னொரு காரணம். அப்ப நகை செய்யுறவங்களுக்கு பாதி வேலைய இயற்கையே முடிச்சு குடுத்துருச்சு, மிச்சம் ஈரத்தையும் பூச்சியையும் தள்ளி வைக்கிறது மட்டும்தான்.

முடி வேலைய ஊர் ஊரா போயி செய்யுற தொழிலாவே வளத்தவங்க ஐரோப்பாவுல இருந்தாங்க, அங்க அது மனுச முடி. இங்கிலாந்து விக்டோரியா ராணி 1861ல புருசன் ஆல்பர்ட் எறந்த பிறகு 1901ல தான் சாகுற வரைக்கும் கருப்புத் துணியிலயே இருந்தாங்க, அவரோட முடி வச்ச லாக்கெட்டும் போட்டிருந்தாங்க, அதப் பாத்து ஊரே அந்த வழக்கத்த புடிச்சுக்கிச்சு. அதே காலத்துல ஸ்வீடன்ல டாலார்னா பக்கம் வோம்ஹுஸ்னு ஒரு ஊரு, பஞ்சத்துல பொழைக்க வழியில்லாம அந்த ஊரு பொம்பளைங்க கூட்டம் கூட்டமா கெளம்பி ஐரோப்பா நாடு நாடா நடந்து முடியில வளையலும் சங்கிலியும் பின்னிக் குடுத்து காசு கொண்டு வந்தாங்க. நடுவுல ஓட்டை வச்ச ஒரு சின்ன வட்ட மேசை, சுத்தி தொங்குற முடிப்புரி ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன எடை, எடைய எதிரெதிரா மாத்தி மாத்தி போட்டா நடுவுல பின்னல் எறங்கி வரும். பின்னுறதுக்கு முன்னாடி சோடா கலந்த தண்ணியில கொதிக்க வச்சு எண்ணெய்ப் பசைய எடுத்துருவாங்க, பின்னி முடிச்சதும் திரும்ப தண்ணியில கொதிக்க விட்டு காய வைப்பாங்க, அப்ப பின்னல் அந்த வடிவத்துலயே நின்னுரும்.

அது ஏன் நிக்குதுன்னு நம்ம வீட்டு பொம்பளப் புள்ளைகளுக்கு தெரியும். தலைக்கு குளிச்சிட்டு ஈரத்தோட ரெட்டை ஜடை போட்டு படுத்தா காலையில அவுக்கும்போது முடி வளைஞ்சு வளைஞ்சு வரும்ல, அதே சங்கதி. தண்ணி பட்டா முடிக்குள்ள சின்னச் சின்ன கட்டு சிலது அவிழ்ந்து எளகும், காஞ்சதும் இப்ப இருக்குற வளைவுலயே திரும்ப கட்டிக்கும். ஈர முடி காஞ்ச முடிய விட நல்லா இழுபடவும் செய்யும். வெளிநாட்டுல குதிரை வளக்குறவங்க செத்துப்போன குதிரையோட வால்முடிய பென்சில் தடிமனுக்கு எடுத்து அனுப்பி பிரேஸ்லெட்டா பின்னி வாங்குறது இப்ப நல்லா நடக்குற தொழில், அவங்களும் நனைச்சுத்தான் பின்னுறாங்க.

நம்ம பக்கம் இது புதுசுன்னு நெனச்சா அது தப்பு. புள்ள பொறந்து தொப்புள்கொடி காஞ்சு விழுந்ததும் அத என்ன பண்றோம், வெள்ளியிலயோ தங்கத்துலயோ தாயத்துக்குள்ள அடைச்சு அரணாக்கயித்துல கோத்து இடுப்புல கட்டுறோம். ஒரு உடம்போட துண்ட உலோகத்துக்குள்ள பத்திரமா மூடி உடம்போடயே வச்சுக்கிறது, லாக்கெட்டுன்னு அங்க சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? விலங்கு முடியும் நமக்கு அந்நியம் கெடையாது. சாமிக்கு வீசுற வெண்சாமரம் கவரிமாட்டு வால்முடி. மாட்டுக்கு கண்ணு படாம இருக்க கழுத்துல கட்டுற கருப்பு கம்பளிக் கயிறு ஆட்டு ரோமம். கச்சேரியில வயலின் வில்லுல இழுத்துக் கட்டியிருக்குறது குதிரை வால்முடி. அதனால இத ஃபாரின் ஃபேஷன்னு யாராச்சும் சொன்னா நான் விடுறது இல்ல.

இருந்தாலும் பெரியவங்க ஒரு கேள்வி கேப்பாங்க, செத்ததோட முடிய வீட்டுல வைக்கிறதான்னு. அந்த கேள்விய நான் லேசா எடுத்துக்க மாட்டேன். உதிர்ந்த முடி வாசல்ல கெடந்தாலே எடுத்துப் போடச் சொல்ற ஊரு இது, அதே ஊருதான் அழகர்கோவில்லயும் பாண்டி கோவில்லயும் மொட்டை போட்டு முடிய காணிக்கையா குடுக்குது. உசுரோட இருக்கும்போது மனசார எடுத்த முடின்னா அது வேற கணக்கு. எங்க அப்பத்தா இத ஒரே பேச்சுல முடிச்சாக, "உசுரோட இருக்கையில எடுத்தா அது அதுவா குடுத்தது"ன்னு.

இப்ப ரெசின் கதைக்கு வரேன், இதுல நான் பட்டது நெறைய. மொத வருசம் ஒரு அண்ணன் அவரோட ராஜபாளையம் நாய் முடிய கொண்டு வந்து குடுத்தாரு, பால் மாதிரி வெள்ளை, பதினாலு வருசம் வீட்டுல ஒரு ஆளா இருந்த நாய். நல்லா கழுவி காய வச்சு எப்பாக்ஸி ரெசின்ல ஊத்தி மறுநாள் அச்சுல இருந்து எடுத்துப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா கண்ணாடியில கீறல் விழுந்த மாதிரி ரெண்டு மூணு கோடு, அம்புட்டுதான். அவரு அத உள்ளங்கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஏன் அப்படி ஆச்சுன்னு பிறகுதான் புரிஞ்சுச்சு. வெள்ளை முடிக்குள்ள வெள்ளைச் சாயம்னு ஒண்ணு கெடையாது, சாயம் இல்லாததுனாலதான் அது வெள்ளை. முடிக்கும் காத்துக்கும் நடுவுல வெளிச்சம் செதறுது, அந்தச் செதறல்தான் நம்ம கண்ணுக்கு வெள்ளையா தெரியுது. முடியில வெளிச்சம் வளையிற அளவு 1.55 சுமாரு, எப்பாக்ஸியிலயும் கிட்டத்தட்ட அதேதான், அப்ப ரெசின் சுத்தி நெறஞ்சதும் செதற எடமே இல்லாம வெளிச்சம் நேரா ஊடுருவிப் போயிருது. வெள்ளை வேட்டி நனைஞ்சா உடம்பு தெரியுதே, அதே மாதிரி. இப்பெல்லாம் வெள்ளை முடின்னா பின்னாடி கருப்பு தகடு வச்சுத்தான் ஊத்துவேன், இல்லைன்னா ரெசினே வேணாம்னு சொல்லிருவேன்.

கருப்பு முடிக்கு வேற தொல்லை. நிமிசத்துல காயுற யூவி ரெசின் இருக்கு, அது லைட்டு பட்டாத்தான் இறுகும், கருப்பு முடிய கொத்தா வச்சா அடியில வெளிச்சமே போகாம மேல கல்லு மாதிரி இறுகி உள்ள பிசுபிசுன்னு பச்சையாவே நிக்கும். முடியில கொஞ்சம் ஈரம் இருந்தாலும் புகை மூட்டம் மாதிரி ஆயிரும், எண்ணெய்ப் பசை இருந்தா முடிய ஒட்டி வரிசையா குமிழி நிக்கும். இது எல்லாத்துக்கும் மேல நம்ம ஊரு வெயில். வீட்டுல ஊத்துற எப்பாக்ஸி பலதும் 50 டிகிரி பக்கம் வந்தாலே எளக ஆரம்பிச்சிரும், சித்திரை மாசம் நிழல்லயே 40 அடிக்கிற மதுரையில வெயில்ல நிறுத்துன காருக்குள்ள ஒரு கீ செயின விட்டுட்டு வந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. வெயில் பட பட மஞ்சளும் அடிக்கும். ஒரு ஞாபகப் பொருள் இருபது வருசம் நிக்கணும்னு நெனச்சு வாங்குறவங்ககிட்ட இத மறைச்சு விக்கிறது எனக்கு மனசு ஒப்பல.

சரி, அப்ப காளை முடிய என்ன பண்றது. மொதல்ல எந்த முடி எதுக்கு ஆகும்னு தெரியணும். குதிரை வால்முடி நீளம், நேரு, மனுச முடிய விட தடிப்பு, பின்னுறதுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும். காளை வால்முடி நீளம் கம்மி, சுருட்டை வேற, ஆனா நல்ல வலு, அதோட சாம்பல் நெறத்து மயிலை மாட்டுக்கும் வால்குஞ்சம் பெரும்பாலும் கருப்பாத்தான் இருக்கும். பொமரேனியன், பெர்சியன் பூனை மாதிரி அடி ரோமம் அடர்த்தியா இருக்குறதுல ஒரு வசதி, வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போட்டு உள்ளங்கையில உருட்டிக்கிட்டே இருந்தா ரோமத்து மேல இருக்குற நுணுக்கமான செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டி கெட்டியான மணி ஆயிரும், கம்பளி கெட்டிப்படுறது மாதிரியே. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் முடி குட்டையா வழுவழுன்னு இருக்கும், உருட்டவும் வராது, பின்னவும் வராது, அதுக்கு மூடி வச்ச பாத்திரம்தான்.

சித்தப்பா குடுத்த கொத்துல காஞ்ச சாணி, தூசி எல்லாம் இருந்துச்சு. ஷாம்பூ போட்ட வெதுவெதுப்பான தண்ணியில மூணு தடவ ஊற வச்சு அலசி, ஊசி போடுறதுக்கு முன்னாடி தடவுற ஸ்பிரிட்டுல ஒரு முக்கு, பிறகு ரெண்டு நாள் நிழல்ல காய வச்சேன். அத எடுத்துக்கிட்டு சந்தையில மூக்கணாங்கயிறு விக்கிற ஒரு அய்யாகிட்ட போனேன், அவரு கையப் பாத்தா பித்தளை மாதிரி இருக்கும். முடிய வெரலுக்கு நடுவுல வச்சு தேச்சுப் பாத்துட்டு, "காரி மாடா, நல்ல மாடுதான்"னாரு, எப்படி தெரிஞ்சுச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல. நனைச்சு நாலு புரியா பிரிச்சு, ஒவ்வொரு புரியையும் தொடையில வச்சு ஒரே பக்கமா முறுக்கினாரு. "புரிய வலப்பக்கம் முறுக்குனா சேக்கும்போது இடப்பக்கமா சேக்கணும் தாயி, அது பிரியப் பாக்கும், இது இறுக்கப் பாக்கும், ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிட்டு நிக்கும்." தேங்கா நாருல திரிக்கிற கயித்துக்கும் இதே கணக்குதான். ஒரு கை நீளம் வரைக்கும் வரல, வெரல் நீளத்துக்கு ஒரு துண்டு கருங்கயிறு கெடச்சுச்சு, அம்புட்டு போதும்.

பிறகு தெற்கு ஆவணி மூல வீதியில இருந்து ஒரு சந்துக்குள்ள போனா நகைப் பட்டறைங்க, அங்க எனக்கு தெரிஞ்ச ஒரு பத்தர் இருக்காரு. கண்ணாடி வச்ச தாயத்து வேணும், ஒரு பக்கம் முடி தெரியணும்னு கேட்டேன். வேணாம்மான்னுட்டாரு. வேர்வையும் குளிக்கிற தண்ணியும் கண்ணாடி இடுக்கு வழியாத்தான் மொதல்ல எறங்கும்னாரு. சரின்னு முழுசா மூடுன தாயத்தே செய்யச் சொன்னேன். வெள்ளித் தகட கம்பியில சுத்தி குழலாக்கி, வெங்காரம் தடவி, உருகி ஒட்டுற வெள்ளிக் கலவைப் பொடி வச்சு ஊதி மூட்டுன ஓரத்த பத்த வச்சாரு, ஒரு மூடியையும் ரெண்டு வளையத்தையும் அதே சூட்டுலயே சேத்துட்டாரு. இங்கதான் வரிசை முக்கியம். அந்தப் பொடி உருக 600 டிகிரிக்கு மேல வேணும், முடி 200 தாண்டுனாலே கருக ஆரம்பிச்சிரும், அதனால நெருப்பு வேலை மொத்தமும் முடிஞ்சு, தண்ணியில போட்டு, புளியில கழுவி, ஆறி, காஞ்ச பிறகுதான் முடி உள்ள போகணும். கடைசி மூடிய திருகு வச்சு செஞ்சு ஓரத்துல துளி அரக்கு, அரக்கு கொஞ்ச சூட்டுலயே எளகிரும், முடிக்கு ஒண்ணும் ஆகாது.

அவருக்கு நான் ஒரு விசயம் சொன்னேன், அவரு அத ஒத்துக்கிட்டாரு. முடியில கந்தகம் இருக்குறதுனால வெள்ளியோட நேரடியா ஒட்டிக் கெடந்தா உள்பக்கம் கருக்கும், கம்பளித் துணியில வெள்ளிச் சாமான சுத்தி வச்சா கருத்துப் போறதும் இதனாலதான். அதனால முடிய மெல்லிசான பருத்தித் துணியில சுத்தி உள்ள வச்சோம். பழைய வெள்ளை வேட்டியில கிழிச்ச துண்டு, சித்தப்பாவோடது.

யானை முடி பத்தியும் சொல்லியே ஆகணும், ஏன்னா இந்த வேலை செய்யுறேன்னு தெரிஞ்சதும் பத்து பேருல ரெண்டு பேரு மொத கேக்குறது அதுதான். பயம் போகும், கெட்ட கனவு வராதுன்னு நம்பி யானை வால்முடிய மோதிரத்துல சுத்திப் போடுறது நம்ம பக்கம் ரொம்ப நாளா இருக்கு. ஆனா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல யானை மொத அட்டவணையில இருக்கு, அதோட முடியில செஞ்ச பொருள வாங்குறது, விக்கிறது ரெண்டும் குத்தம், 3 வருசத்துல இருந்து 7 வருசம் வரைக்கும் ஜெயில். கோயில் யானையா இருந்தாலும் அதே சட்டம்தான். சட்டத்த விடுங்க, யானை வாலப் பாத்திருக்கீங்களா, நுனியில ரெண்டு பக்கமும் கம்பி மாதிரி கொஞ்சமே கொஞ்சம் முடி, ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும், ஈ ஓட்ட அதுக்கு அதுதான் இருக்கு. புடுங்குனா ரத்தம் வரும். நான் செய்ய மாட்டேன், யாரு கேட்டாலும் இதத்தான் சொல்வேன். மாடு, ஆடு, நாய், பூனை, குதிரைக்கு இந்தச் சட்டம் வராது.

செத்த மாட்டுல முடி எடுக்குறத பத்தி இன்னொன்னு, இத தயவு செஞ்சு ஞாபகம் வச்சுக்கங்க. அடைப்பான் நோய்னு சொல்ற ஆந்த்ராக்ஸ் வந்த மாடு நல்லா நின்னுக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு விழுந்து செத்துரும், மூக்கு, வாய், ஆசனவாயில உறையாத கருப்பு ரத்தம் வரும். அந்த கிருமி விதை மாதிரி ஆகி முடியிலயும் தோல்லயும் மண்ணுலயும் பல வருசம் சாகாம கெடக்கும், ஷாம்பூவும் ஸ்பிரிட்டும் அத ஒண்ணும் செய்யாது. இங்கிலாந்துல கம்பளி ஆலையில ரோமம் பிரிக்கிறவங்களுக்கு வந்த நுரையீரல் நோய்க்கு கம்பளி பிரிப்பவர் நோய்னே பேரு, அது இதேதான். காரணம் தெரியாம திடீர்னு செத்த மாட்ட தொடக்கூடாது, அறுக்கக்கூடாது, கால்நடை டாக்டருக்கு சொல்லிட்டு தள்ளி நிக்கணும். எம்புட்டு பாசமா வளத்த மாடா இருந்தாலும் அன்னைக்கு முடி வேணாம். வெறிநாய்க்கடின்னு சந்தேகம் இருக்குற நாய்கிட்டயும் போக வேணாம்.

உசுரோட எடுக்குறதுல இந்த பயம் ஒண்ணும் இல்ல. நாய்க்கு சீப்பு போடும்போது வர்றதையே சேத்து வைக்கலாம், வெட்டணும்னு கூட இல்ல. மாட்டுக்கு வால்குஞ்சத்துல வெளிய தெரியாத அடிப்பக்கமா பென்சில் தடிமனுக்கு எடுத்தா போதும், குஞ்சத்த மொட்டையாக்கிறாதீங்க, அது ஈ வெரட்டணும். எடுத்ததும் ஒரு முனையில நூல் சுத்திருங்க, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே பக்கமா இருந்தாத்தான் பிறகு பின்னும்போது சிக்கு விழாது. ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடினா பூஞ்சை புடிக்கும், நல்லா காய வச்சு காகித உறையில போடுங்க. முடிய திங்கிறதுக்குன்னே பூச்சி இருக்கு, கம்பளித் துணிய ஓட்டை போடுற அந்துப்பூச்சியோட புழு கெரட்டின செரிக்கக் கூடியது, அதுக்கு வேர்வையும் அழுக்கும் இருந்தா இன்னும் கொண்டாட்டம். கழுவி காஞ்ச முடிய ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா முட்டை, புழு எல்லாம் செத்துரும், அதுக்கப்புறம் இறுக்கமான டப்பாவுல போடலாம். சித்தப்பா பாட்டிலுக்கு நாலு வருசம் ஒண்ணும் ஆகாம இருந்தது மூடி இறுக்கமா இருந்ததுனாலதான்.

தாயத்த கொண்டு போயி குடுத்தப்ப அவரு காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தாரு, சத்தம் வரல. "இருக்கால்ல?"ன்னு கேட்டாரு. இருக்குன்னேன். கருப்புக் கயித்துல கோத்து கழுத்துல போட்டு சட்டைக்குள்ள விட்டுக்கிட்டாரு, அதப் பத்தி வேற ஒண்ணும் பேசல.

போன மாட்டுப் பொங்கலன்னைக்கு விடியக்காலம் அவரு தொழுவத்துல செவலைய குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாரு, அன்னைக்குத்தான் பாலமேட்டு வாடி, அவுக்க டோக்கன் இருந்துச்சு. வால அலசி சீவி, அடியில ஒரு கொத்த பிரிச்சு புடிச்சுக்கிட்டு என்னைய கூப்பிட்டு கத்திரிய கேட்டாரு. மாடு திரும்பிப் பாத்துட்டு திரும்ப தவிட்டுத் தண்ணியில வாய வச்சுக்கிச்சு. நான் நூல் சுத்துனேன், அவரு கல்யாணப் பத்திரிக்கை உறை ஒண்ணு மேல பேனாவால மாட்டுப் பேரையும் தேதியையும் எழுதி, காய வைக்க திண்ணையில கல்லு வச்சு விரிச்சாரு.